வெள்ளியும் வேப்பிலையும்

பாரசீகப் பேரரசன் சைரஸ் படையெடுத்துச் சென்ற இடங்களுக்கெல்லாம் அவனுடைய குடிநீரும் உடன் சென்றது. சூசா நகரை ஒட்டி ஓடிய கோஆஸ்பீஸ் ஆற்று நீரையன்றி வேறு நீரைப் பாரசீக மன்னர் பருகுவதில்லை என்றும், அந்நீரைக் காய்ச்சி வெள்ளிக் கலங்களில் நிரப்பி, கோவேறு கழுதைகள் பூட்டிய நான்கு சக்கர வண்டிகளில் ஏற்றிச் சென்றனர் என்றும் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டஸ் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்தார். வெள்ளியின் மருத்துவப் பெருமையைப் பேச வருவோர் பலர் இச்செய்தியிலிருந்தே தொடங்குவர். நானும் இங்கிருந்தே தொடங்குகிறேன். ஆனால், அவர்கள் இதனை வெள்ளியின் ஆற்றலுக்குச் சான்றாகக் காட்டுவர். நான் ஓர் ஐயத்தை எழுப்புவதற்காகக் காட்டுகிறேன்.

அந்நீர் கெடாமல் இருந்ததாகவே கொள்வோம். அதற்குக் காரணம் வெள்ளிக் கலமா, காய்ச்சிய தீயா? இரண்டும் ஒருங்கே நிகழ்ந்தமையால் ஒன்றின் பங்கை மற்றொன்றின் பங்கிலிருந்து பிரித்தறிய வழியில்லை. சிறிய ஐயந்தான், எனினும் இதனை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏறக்குறைய 2,500 ஆண்டுகளுக்குப் பின், வேப்பிலைச் சாற்றையும் வெள்ளி உப்பையும் ஒரே குடுவையில் கலந்து, நுண்ணுயிர்களைக் கொல்லும் மருந்தைத் தேடும் இந்நாளைய அறிஞர் முன்னும் இதே ஐயந்தான் வேறு உருவில் வந்து நிற்கிறது. கொல்வது எது? இலையா, வெள்ளியா, அல்லது இரண்டும் சேர்ந்து பெற்ற புதுப் பொருளா? இந்த வினா எழுந்து வளர்ந்த வரலாறே எனது பொருள்.

நுண்ணுயிர் என்ற ஒன்று உண்டு என்பதை அறியாத காலத்தில் அதனைக் கொல்லும் பொருளைப் பற்றி ஆராய்தல் இயலாது. ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகரான லீவன்ஹூக், தாமே தேய்த்துச் செய்த சிறு கண்ணாடி வில்லைகளின் வழியே 1676ஆம் ஆண்டில் பாக்டீரியாக்களைக் கண்டு எழுதினார். அவ்வுயிர்களே நோய்க்குக் காரணம் என்பதை நிலைநாட்ட இன்னும் 200 ஆண்டுகள் ஆயின. பிரான்சில் பாஸ்டரும் ஜெர்மனியில் கோக்கும் அப்பணியை முடித்துக் கொண்டிருந்த நாளில்தான் வெள்ளிக்கும் ஒரு திருப்பம் ஏற்பட்டது.

அக்காலத்து ஐரோப்பிய மகப்பேற்று மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகள் பல, சில நாள்களுக்குள் கண்ணில் சீழ் பிடித்துப் பார்வை இழந்தன. தாயின் உடலிலிருந்த மேகநோய்க் கிருமி பிறப்பின்போது சேயின் கண்ணில் ஒட்டிக்கொள்வதே காரணம். அக்கிருமியை 1879இல் நைஸர் என்பவர் கண்டறிந்தார். மறு ஆண்டு, 1880இல், லைப்சிக் நகரத்து மருத்துவர் கார்ல் கிரெடே, நூற்றுக்கு இரண்டு பங்கு வலிமையுள்ள வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் ஒரு துளியைப் பிறந்த குழந்தையின் ஒவ்வொரு கண்ணிலும் இடும் வழக்கத்தைத் தொடங்கினார். அவருடைய மருத்துவமனையில் நூறு குழந்தைகளுள் ஏறக்குறைய 10 குழந்தைகளைப் பற்றிய அந்நோய், நூற்றில் ஒன்றுக்கும் கீழாகக் குறைந்தது. ஒரு துளி, அதனால் காக்கப்பட்ட கண்களுக்கோ கணக்கில்லை. பிற்காலத்தில் அத்துளியின் இடத்தை நுண்ணுயிர்க்கொல்லிக் களிம்புகள் பல நாடுகளில் பெற்றுக்கொண்டன என்றாலும், வெள்ளி நுண்ணுயிரைக் கொல்லும் என்பதற்கு மறுக்கவியலாத சான்றைத் தந்தது கிரெடேயின் கணக்குப் புத்தகமே. சைரஸின் கலத்தில் இல்லாத ஒன்று இங்கே இருந்தது என்பதைக் கவனியுங்கள். துளி இட்டதற்கு முன்னும் பின்னும் எண்ணிப் பார்த்து ஒப்பிட்டார் அவர்.

ஆயினும், அது எவ்வாறு கொல்கிறது என்பது விளங்கவில்லை. ம்யூனிக் நகரில் வாழ்ந்த தாவரவியலறிஞர் நேகெலி, நீர்ப்பாசியை வளர்த்து ஆராய்ந்தபோது, செம்பு பட்ட நீரில் அப்பாசி மடிவதைக் கண்டார். நீரில் கரைந்திருந்த செம்பின் அளவோ மிக மிகச் சிறிது. வெள்ளிக்கும் இதே தன்மை இருந்தது. சிறு அளவில் பெருவிளைவு தரும் இவ்வாற்றலுக்கு, 'சிறுமையின் வலிமை' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு 'ஒலிகோடைனமிக்' எனப் பெயர் சூட்டினார். அவர் 1891இல் மறைந்தார். அவ்வாராய்ச்சி 1893இல் அச்சேறியது.

அவ்வலிமையின் உட்பொருளை இன்று நாம் ஓரளவு அறிவோம். வெள்ளி அணு ஒன்று தன் எலெக்ட்ரான்களுள் ஒன்றை இழந்தால் நேர் மின்னேற்றமுடைய அயனியாகிறது. இந்த அயனி நீரில் கரைந்து திரியும். நுண்ணுயிரின் உடலில் உள்ள புரதங்கள் பலவற்றில் கந்தக அணுக்கள் உண்டு. வெள்ளிக் கிண்ணம் நாளடைவில் கறுப்பதற்குக் காரணம் காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு வெள்ளிக்கு இருக்கும் பற்றே. அதே பற்றுத்தான் நுண்ணுயிரின் புரதங்களிலும் வெள்ளியைக் கொண்டு போய் ஒட்டுகிறது. ஒட்டிய இடத்தில் நொதிகள் தம் தொழிலை மறக்கின்றன. உயிரணுவைச் சூழ்ந்த சவ்வு பழுதுபடுகிறது. மூச்சு நடைபெறுதல் தடைப்படுகிறது. ஒரு வாயிலை மட்டும் அடைக்காமல் பல வாயில்களையும் ஒரே வேளையில் தாக்குவது வெள்ளியின் இயல்பு.

இனி, மற்றொரு கிளைக் கதை. உலோகத்தை மிக நுண்ணிய துகள்களாக்கினால் அதன் நிறமே மாறிவிடும் என்பதைக் கண்ணாடி செய்வோர் பழங்காலத்திலேயே தம்மை அறியாமல் கண்டிருந்தனர். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ரோமர் காலத்துக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. லைகர்கஸ் கிண்ணம் என்பது அதன் பெயர், கி.பி. 4ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்டது. புறத்தே ஒளி பட்டால் பச்சையாகவும், உள்ளிருந்து ஒளி வந்தால் சிவப்பாகவும் அது தோன்றும். பொன்னும் வெள்ளியும் கண்ணுக்குத் தெரியாத துகள்களாக அக்கண்ணாடியினுள் சிதறிக் கிடப்பதே அந்த மாயத்துக்குக் காரணம்.

இம்மாயத்தை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு வந்தவர் மைக்கேல் ஃபாரடே. மின்னியலின் தந்தையருள் ஒருவராக நாம் அறிந்த அவர், 1857இல் பொன் உப்பைப் பாஸ்பரஸால் ஒடுக்கி, மாணிக்கச் சிவப்பு நிறமுள்ள நீர்மத்தைப் பெற்றார். அந்நிறத்துக்குக் காரணம் மிக நுண்ணிய பொன் துகள்களே என்று உய்த்துணர்ந்து உரைத்தார். அவர் செய்த நீர்மங்களுள் சில லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் படியாமல் இருக்கின்றன. வெள்ளியைப் பொறுத்தவரை, ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த கேரி லீ 1889இல் இரும்பு சிட்ரேட்டைக் கொண்டு வெள்ளி நைட்ரேட்டை ஒடுக்கிப் பல நிறங்களில் வெள்ளிக் கூழ்மங்களைச் செய்து காட்டினார். 1903இல் ஸிக்மண்டியும் ஸீடன்டாஃபும் அமைத்த மீநுண்ணோக்கி, அத்துகள்களை இருளில் மின்னும் புள்ளிகளாகக் கண்ணுக்குக் காட்டிற்று. 1908இல் குஸ்தாவ் மீ என்பவர் அந்நிறங்களுக்குக் கணக்கியல் விளக்கம் தந்தார். துகளின் மேலுள்ள எலெக்ட்ரான்கள் ஒளியலை படும்போது ஒருமித்து அசைகின்றன. வெள்ளியாயின், நீலத்தையும் ஊதாவையும் ஒட்டிய ஒளியை அவை விழுங்குகின்றன. எஞ்சிய ஒளி மஞ்சளாகவும் பழுப்பாகவும் நம் கண்ணை அடைகிறது. இதனை ஏன் இவ்வளவு விரித்துச் சொன்னேன் என்பது சற்று நேரத்தில் விளங்கும்.

நுண்மையால் வரும் நன்மை என்ன என்பதற்கு ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள வெள்ளிக் கட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எடை 10.5 கிராம், அதன் ஆறு முகங்களின் மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். இதனை 10 நானோமீட்டர் பக்கமுள்ள சிறு கட்டிகளாக வெட்டுவதாகக் கொள்வோம். நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. அப்போது எடை மாறுவதில்லை; ஆனால் மொத்தப் பரப்பு 10 லட்சம் மடங்காகி, 600 சதுர மீட்டர் ஆகிவிடும். நம் ஊர்க் கணக்கில் ஏறக்குறைய 15 சென்ட் நிலம். சுண்டு விரல் நுனியளவு வெள்ளி, ஒரு வீட்டு மனைக்கும் மேற்பட்ட பரப்பைப் பெறுகிறது. அயனிகள் புறப்படுவது மேற்பரப்பிலிருந்துதான் ஆதலின், பரப்பு பெருகினால் விளைவும் பெருகும்.

இவ்விரு கிளைகளும், அதாவது கிரெடேயின் துளியும் ஃபாரடேயின் நுண்மையும், 19ஆம் நூற்றாண்டின் முடிவில் ஒன்று சேர்ந்தன. கிரெடேயின் மகனான பென்னோ கிரெடே என்ற அறுவை மருத்துவர் வெள்ளிக் கூழ்மத்தை மருந்தாக்கினார். 1902இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் பார்ன்ஸ் என்பவரும் அவருடைய கூட்டாளி ஹில்லே என்பவரும் 'ஆர்ஜிரால்' என்ற மருந்தை விற்கத் தொடங்கினர். வெள்ளி நைட்ரேட்டு கண்ணை எரிக்கும். ஆர்ஜிராலில் வெள்ளி புரதத்தோடு பிணைந்திருந்தமையால் எரிச்சல் குறைந்தது. அம்மருந்து ஈட்டித் தந்த செல்வத்தைக் கொண்டு பார்ன்ஸ் சேர்த்த ஓவியங்கள் உலகப் புகழ் பெற்றவை. தம் மருந்துக் கம்பெனியை அவர் 1929இல் விற்றுவிட்டார். வெள்ளியின் நற்காலமும் அதன்பின் நெடுநாள் நீடிக்கவில்லை. ஃப்ளெமிங் 1928இல் கண்ட பெனிசிலின் 1940களில் மருத்துவமனைகளுக்கு வந்தது. அதன்முன் வெள்ளி ஒளி மங்கிற்று.

வெள்ளிக்கு ஒரு பழியும் இருந்தது. கூழ்ம வெள்ளியை நெடுநாள் உட்கொண்டோரின் தோல் நீலஞ் சார்ந்த சாம்பல் நிறம் அடைந்தது. 'ஆர்ஜிரியா' எனப்படும் அந்நிற மாற்றம் பெரும்பாலும் மாறாதது. உடலினுள் படிந்த வெள்ளி, ஒளி பட்டுக் கறுப்பதால் விளைவது அது. வெள்ளி நீரைச் சர்வரோக நிவாரணி என விற்போர் உலகில் இன்னும் உளர். ஆனால் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 1999இலேயே, கடையில் நேரே விற்கப்படும் கூழ்ம வெள்ளி மருந்துகள் பாதுகாப்பானவை என்றோ பயனுடையவை என்றோ கொள்ளத் தக்கவை அல்ல என்று விதித்துவிட்டது. மாணவ அன்பர்களே, இப்பேச்சில் நீங்கள் வேறு எதை மறந்தாலும் இதனை மறத்தலாகாது. வெள்ளி, புண்ணின் மேல் இடத்தக்க பொருள். புட்டியில் வாங்கிக் குடிக்கத் தக்கது அன்று.

புறத்தே இடும் மருந்தாக வெள்ளி 1960களில் மீண்டும் வந்தது. தீப்புண் பட்டோருடைய உடலில் தோலாகிய மதில் இடிந்துபோகிறது. நுண்ணுயிர்கள் அவ்வழியே படையெடுக்கின்றன. 1965இல் செயின்ட் லூயி நகரத்து மருத்துவர் மோயரும் அவருடைய தோழரும் நூற்றுக்கு அரைப் பங்கு வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலைத் தீப்புண்ணுக்குப் பயன்படுத்திப் பயன் கண்டனர். 1968இல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்துச் சார்ல்ஸ் ஃபாக்ஸ், சல்ஃபா மருந்தையும் வெள்ளியையும் இணைத்து வெள்ளி சல்ஃபடையஸீன் களிம்பை உருவாக்கினார். தீப்புண் சிகிச்சையில் அக்களிம்பு உலகெங்கும் பரவிற்று.

ஆனால் நுண்ணுயிர்களும் வாளா இருக்கவில்லை. 1975இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து மருத்துவமனை ஒன்றின் தீப்புண் பிரிவில், வெள்ளி நைட்ரேட்டுக்கு மடியாத சால்மொனெல்லா இனம் ஒன்று காணப்பட்டது. வெள்ளியை எதிர்க்கும் திறனை அதற்குத் தந்த மரபணுக்களை 1999இல் அறிஞர் பிரித்தறிந்தனர். உட்புகுந்த வெள்ளி அயனிகளைப் பற்றிக்கொள்ளும் புரதமும், அவற்றை வெளியே இறைத்துத் தள்ளும் ஏற்பாடும் அந்நுண்ணுயிரிடம் இருந்தன. வெள்ளி பல வாயில்களைத் தாக்குவதால் எந்த நுண்ணுயிரும் அதனை வெல்ல இயலாது என்று எழுதுவோர் இச்செய்தியை அறிதல் வேண்டும்.

பெனிசிலின் முதலிய நுண்ணுயிர்க்கொல்லிகளின் நிலையும் இதுவே. அளவு குறைத்து உட்கொண்டால் எதிர்ப்புத் திறன் பெற்ற கிருமிகள் தோன்றும் என்று ஃப்ளெமிங் 1945இல் தம் நோபல் பேருரையிலேயே எச்சரித்தார். அந்த எச்சரிக்கை வீண்போகவில்லை. மருந்துக்கு மடியாத பாக்டீரியாக்களால் நேரடியாக நேர்ந்த மரணங்கள் 2019ஆம் ஓராண்டில் மட்டும் உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் எனக் கணக்கிட்டுள்ளனர். இந்நெருக்கடிதான் பழைய வெள்ளியைப் புதிய நுண்மையோடு மறுபடியும் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து வந்தது. அணு அணுவாகப் பொருளை அடுக்கும் காலம் வரும் என்று ஃபைன்மன் 1959இல் கலிஃபோர்னியாவில் ஆற்றிய உரையும், 'நானோ தொழில்நுட்பம்' என்ற சொல்லை 1974இல் ஜப்பானியர் டானிகுச்சி படைத்ததும் அந்த எழுச்சிக்கு முன்னோடிகள்.

இனி இலைக்கு வருவோம். வெள்ளி அயனியை வெள்ளி அணுவாக மாற்ற, அது இழந்த எலெக்ட்ரானை யாரேனும் திருப்பித் தர வேண்டும். இவ்வாறு தருதலையே வேதியியலார் ஒடுக்குதல் என்பர். ஆய்வுக்கூடத்தில் இத்தொழிலுக்கு சோடியம் போரோஹைட்ரைடு, ஹைட்ரஸீன் போன்ற பொருள்கள் உண்டு. இவற்றுள் ஹைட்ரஸீன் கொடிய நஞ்சு. அணுக்கள் கூடித் துகளானபின், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு படியாதபடி ஒவ்வொன்றுக்கும் மேலுறை இட வேண்டும். அதற்கும் வேறு பொருள் தேவை. எலெக்ட்ரானைத் தருவதும் மேலுறை இடுவதும் ஆகிய இரு தொழில்களையும் உயிர்ப்பொருள் ஒன்றே செய்து தரக் கூடுமோ என்ற எண்ணம் 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது.

இவ்வெண்ணத்தின் ஒரு பாதி புதியது அன்று. லீபிக் 1835இல் ஆல்டிஹைடுகள் வெள்ளி உப்பை ஒடுக்கிக் கண்ணாடிச் சுவரில் ஆடிபோல் படியச் செய்வதைக் கண்டார். குளுக்கோஸைச் சோதிக்கக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நீங்கள் செய்யும் டாலன்ஸ் சோதனை அதன் வழித்தோன்றலே. அச்சோதனைக் குழாயில் வெள்ளி, சுவரில் ஆடியாகப் படிகிறது; இலைச்சாற்றிலோ படியாமல் துகளாக மிதக்கிறது. வேற்றுமை அவ்வளவே; ஆனால் அவ்வேற்றுமைதான் எல்லாம்.

முதலில் நுண்ணுயிர்களே இவ்வழியைக் காட்டின. வெள்ளிச் சுரங்கத்திலிருந்து பெற்ற சூடோமோனாஸ் இனத்துப் பாக்டீரியா, தன் உயிரணுவுக்குள் வெள்ளிப் படிகங்களைச் சேர்த்து வைப்பதை ஸ்வீடன் நாட்டு உப்சாலா அறிஞர்கள் 1999இல் வெளியிட்டனர். அப்படிகங்களுள் சில 200 நானோமீட்டர் வரை இருந்தன. புனே நகரத்துத் தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தில் முரளி சாஸ்திரியும் அப்சர் அகமதும் அவர்தம் குழுவினரும் 2001இல் பூஞ்சை ஒன்றில் இத்தன்மையைக் கண்டனர். டெக்சஸ் மாநிலத்து எல் பாசோ பல்கலைக்கழகத்தில் கார்டியா டொரஸ்டே குழுவினர், குதிரைமசால் எனும் தீவனப் பயிர் தன் வேரால் உறிஞ்சிய பொன்னை 2002இலும், வெள்ளியை 2003இலும் தன் உடலினுள் நுண்துகளாக மாற்றுவதை எடுத்துக்காட்டினர். அதே 2003இல் புனே குழுவினர் மற்றோர் அடி முன் வைத்தனர். உயிருள்ள செடியே வேண்டுவதில்லை. மணமுள்ள ஜெரேனியம் இலையைக் கொதிக்க வைத்து எடுத்த சாறே போதும் என்று காட்டினர். 2004இல் வேப்பிலைச் சாற்றைக் கொண்டு வெள்ளித் துகளையும், பொன் துகளையும், பொன்னின்மேல் வெள்ளி போர்த்த இரட்டைத் துகளையும் செய்து வெளியிட்டனர்.

அதன்பின் துளசி, கற்றாழை, கொய்யா, முருங்கை, நெல்லி என நம் தோட்டத்துச் செடிகள் பெரும்பாலனவும் ஆய்வுக்கூடம் ஏறிவிட்டன. செய்முறை மிக எளிது. கழுவிய இலையை நறுக்கி, வடிநீரில் சில நிமிடம் கொதிக்க வைத்து வடிகட்டுவர். ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 0.17 கிராம் வெள்ளி நைட்ரேட்டு கரைந்த நிறமற்ற கரைசலில் அச்சாற்றைக் கலப்பர். சிறிது சிறிதாகக் கலவை மஞ்சளாகிப் பின் பழுப்பாகும். இந்நிறத்தின் பொருளை நாம் முன்பே கண்டோம். ஃபாரடேயும் மீயும் விளக்கிய அதே ஒளி விளையாட்டு. இலையிலுள்ள பாலிஃபீனால்களும் சர்க்கரைகளும் பிறவும் எலெக்ட்ரானைக் கொடுக்கின்றன. புரதம் முதலியன துகளைப் போர்த்திக் காக்கின்றன. பார்ன்ஸின் ஆர்ஜிராலில் வெள்ளியைப் பிணைத்து நின்றதும் ஒரு புரதமே அன்றோ! பெறப்பட்ட துகளை எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் அளந்து, பாக்டீரியா பரவிய ஊட்டக் கூழின் மேல் வைப்பர். மறுநாள் துகளைச் சுற்றி நுண்ணுயிர் வளராத தெளிந்த வட்டம் ஒன்று தோன்றும். அவ்வட்டத்தின் அகலமே ஆற்றலின் அளவாகக் கொள்ளப்படும்.

எளிமையே இம்முறையின் சிறப்பு. எளிமையே இதன் இடர்ப்பாடும் ஆகும். புதிய செடி ஒன்றை எடுத்து, பழுப்பு நிறத்தைக் கண்டு, தெளிந்த வட்டத்தை அளந்து, கட்டுரை ஒன்றை எழுதிவிடலாம். அவ்வகைக் கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் வந்துள்ளன. அவற்றைப் படிக்கும்போது சைரஸின் நீர்க்கலம் என் நினைவுக்கு வருகிறது. வட்டத்தை உண்டாக்கியது துகளா? துகளாக மாறாமல் எஞ்சிய வெள்ளி நைட்ரேட்டா? அல்லது இலைச்சாறேதானா? துகள் மட்டும், சாறு மட்டும், வெள்ளி உப்பு மட்டும் என மூன்றையும் தனித்தனியே வைத்து ஒப்பிட்டாலன்றி இதற்கு விடை இல்லை. இவ்வொப்பீடு இல்லாத ஆராய்ச்சி, நிறத்தைக் கண்டு வியந்ததேயன்றி உண்மையைக் கண்டதாகாது.

ஹூஸ்டனிலுள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தினர் 2012இல் வெளியிட்ட ஆராய்ச்சி இவ்வகையில் பெரிதும் போற்றத் தக்கது. வெள்ளித் துகளிலிருந்து அயனி புறப்பட ஆக்சிஜன் வேண்டும். ஆகவே அவர்கள் ஆக்சிஜனே இல்லாத அறையில் சோதனையை நடத்தினர். துகள் இருந்தது, அயனி புறப்படவில்லை, பாக்டீரியாவும் மடியவில்லை. கொல்வது அயனியே, துகள் அந்த அயனியைச் சிறுகச் சிறுக வழங்கும் களஞ்சியம் என்ற கருத்துக்கு இது வலிய ஆதாரமாயிற்று. துகளை இகழும் முடிவு அன்று இது. ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் கரைசலைவிட, நெடுநாள் அளந்து கொடுக்கும் களஞ்சியம் மேலானதாகலாம். ஆனால், எதனை எதன் பெயரால் புகழ்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும்.

'பசுமை முறை' என்ற பெயரையும் சற்று உற்று நோக்குதல் நலம். நச்சுப் பொருளாகிய ஹைட்ரஸீனை இலைச்சாறு நீக்குகிறது என்பது மெய்யே. ஆயின் வெள்ளி சுரங்கத்திலிருந்துதான் வருகிறது. நைட்ரிக் அமிலத்தில் கரைத்துத்தான் நைட்ரேட்டாகிறது. ஆற்றில் கலந்தால் மீனுக்கும் பாசிக்கும் தீங்கு செய்கிறது. நேகெலியின் பாசி மடிந்த கதை நமக்குப் புதிதன்று. மேலும், இலை என்பது மருந்துக் கடைப் புட்டி போன்றதன்று. மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ப அதன் சத்து மாறும். சித்திரையில் பறித்த வேப்பிலையும் ஐப்பசியில் பறித்த வேப்பிலையும் ஒரே அளவான துகளைத் தரும் என்று எதிர்பார்த்தல் இயலாது. மருந்தாக வேண்டுமாயின் ஒவ்வொரு முறையும் ஒரே பொருள் கிடைத்தாக வேண்டும். இத்தடையைக் கடத்தல் எளிதன்று.

எதிர்ப்புத் திறனைப் பற்றிய செய்தியும் உண்டு. செக் நாட்டு ஒலமூச் நகரத்துப் பலாட்ஸ்கி பல்கலைக்கழகத்தினர் 2018இல் இதனை வெளியிட்டனர். வெள்ளித் துகளோடு மீண்டும் மீண்டும் பழகிய பாக்டீரியா, ஃப்ளஜெலின் என்ற புரதத்தைச் சுரந்து, துகள்களை ஒன்றோடொன்று ஒட்டித் திரளச் செய்து அவற்றின் வலிமையைப் போக்கிவிட்டது. இதற்காக அதன் மரபணுவில் மாற்றம் எதுவும் நேரவில்லை. துகளுக்கு மேலுறை கூட்டிப் பார்த்தும் பயனில்லை. ஆனால் மாதுளம்பழத் தோலின் சாறு அப்புரதம் சுரப்பதைத் தடுத்தது. வெள்ளியின் வலிமை மீண்டது. இங்கே தாவரம் வெறும் பாத்திரமாகவோ பெயரளவிலோ நிற்கவில்லை. அது செய்யும் தொழில் இன்னது என்று சுட்டிக் காட்டப்பட்டது. தாவரமும் வெள்ளியும் சேர்ந்த ஆராய்ச்சி இத்தகைய தெளிவோடு நடைபெற வேண்டும் என்பதே என் விருப்பம்.

நம் நாட்டுச் சித்த மருத்துவத்தில் வெள்ளியைப் பற்பமாக்கும் முறை தொன்றுதொட்டு உண்டு. மூலிகைச் சாற்றில் அரைத்துப் புடமிட்டு எடுப்பர். இதனைக் காட்டி, நானோ அறிவியல் நம் முன்னோர் அறிந்ததே எனச் சிலர் முழங்குவர். முன்னோரின் கைத்திறனில் எனக்கு மதிப்பு மிக உண்டு. அம்மதிப்பினாலேயே அவர்கள் சொல்லாததை அவர்கள் வாயில் திணிக்க நான் உடன்படேன். நெருப்பில் நீறாக்குதல் வேறு, நீரில் ஒடுக்குதல் வேறு. அப்பற்பத்தில் என்ன இருக்கிறது, அது என்ன செய்கிறது என்பதை அளந்து அறிவதே முன்னோருக்கு நாம் செய்யும் மெய்யான சிறப்பு.

நம் காலத்துத் தமிழகத்திலேயே பெருமை கொள்ளத் தக்க பணி நடந்துள்ளது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் பிரதீப்பும் அவருடைய குழுவினரும், இறால், நண்டு முதலியவற்றின் ஓட்டிலிருந்து பெறத்தக்க கைட்டோசான் என்னும் பொருளையும் அலுமினியச் சேர்மத்தையும் பிணைத்து, அதனுள் வெள்ளித் துகள்களைப் பதித்து, குடிநீரைத் தூய்மையாக்கும் மணிகளைச் செய்தனர். 2013இல் வெளிவந்தது அவ்வாராய்ச்சி. அம்மணிகளிலிருந்து வெள்ளி அயனி சிறிது சிறிதாக நீரில் இறங்கி நுண்ணுயிரைக் கொல்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் வரை வெள்ளி இருக்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அவ்வெல்லைக்கு உட்பட்டே இது தொழிற்படுகிறது. துகள் களஞ்சியமே என்ற உண்மையை அறிந்து, அதற்கேற்பக் கதவை அமைத்த திறம் இது. காய்ச்சிய நீரும் வெள்ளிக் கலமும் பேரரசனுக்கு மட்டும் உரியனவாக இருந்த காலம் போய், ஏழையின் குடத்துக்கும் அப்பாதுகாப்பு எட்டும் வழி பிறந்திருக்கிறது.

இளைஞர்களே, உங்களுள் சிலர் நாளை இவ்வாராய்ச்சியில் ஈடுபடுவீர்கள். உங்கள் கல்லூரியின் வாயிலிலேயே வேப்பமரம் நிற்கக்கூடும். வெள்ளி நைட்ரேட்டு ஆய்வுக்கூட அலமாரியில் பழுப்புப் புட்டியில் இருக்கும். குடுவையில் நிறம் மாறும்போது மனம் மகிழ்வது இயல்பே, மகிழுங்கள். ஆனால் அதற்கு அருகில் இன்னும் இரண்டு குடுவைகளை வையுங்கள். ஒன்றில் இலைச்சாறு மட்டும் இருக்கட்டும். மற்றொன்றில் வெள்ளி உப்பு மட்டும் இருக்கட்டும். மூன்றும் தரும் விடைகளை ஒளிக்காமல் எழுதுங்கள். மருந்துக்கு மடியாத நோயால் வருந்தும் ஒருவருக்கு உங்கள் ஆராய்ச்சி பயன்படுமா, படாதா என்பதை அந்த இரண்டு குடுவைகளே முடிவு செய்யும்.